ராமேஸ்வரத்துக்குச் சாலை வழி: நேர் பஸ்ஸா, மதுரை மாறியா, கடற்கரையோரமாகவா?

ரயில் இருக்கும்போது எதற்குச் சாலை என்று கேட்டால், கேள்வி நியாயமானதுதான். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றுபோனது. புதுப்பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கும் வரை தீவுக்குள் போக சாலையை விட்டால் வேறு வழியில்லை. இப்போது மறுபடி ரயில் ஓடுகிறது. தாம்பரத்திலிருந்து மயிலாடுதுறை, திருவாரூர், காரைக்குடி வழியாகப் புதிதாக ஒரு வண்டியும் விட்டிருக்கிறார்கள். உறுதியான படுக்கை டிக்கெட் கையில் இருந்தால் ரயிலிலேயே போய் வாருங்கள். காசுக்கும் முதுகுக்கும் அதைவிட நல்லது கிடையாது.

ஆனால் வெயிட்டிங் லிஸ்ட்டில் தொங்குகிறவர்கள், வியாழக்கிழமை யோசித்து வெள்ளிக்கிழமை கிளம்புகிறவர்கள், நாலு பேராகச் சேர்ந்துவிட்டவர்கள், வழியில் இறங்கி இறங்கிப் போக ஆசைப்படுகிறவர்கள் என்று சாலையை நம்பும் கூட்டம் எப்போதும் இருக்கிறது. இது அவர்களுக்கு. புறப்படும் இடம் சென்னை என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கணக்கு. அரசுப் பஸ் கட்டணம் கிலோமீட்டர் கணக்கில்தான் வருகிறது. 2018 ஜனவரியில் ஏற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதக் கடைசியிலேயே கொஞ்சம் இறக்கிய விகிதம் இது: புறநகர் சாதாரணப் பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 58 பைசா, எக்ஸ்பிரஸ்ஸுக்கு 75 பைசா, அல்ட்ரா டீலக்ஸுக்கு 1 ரூபாய், ஏசிக்கு 1 ரூபாய் 30 பைசா. சென்னையிலிருந்து திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை, ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம் ஏறக்குறைய 560 கிலோமீட்டர். அல்ட்ரா டீலக்ஸில் நேராகப் போனால் சுமார் 560 ரூபாய். சுங்கம், முன்பதிவுக் கட்டணம் என்று மேலே கொஞ்சம் ஏறும்.

மதுரை வழியாகப் போனால் தூரம் 630 கிலோமீட்டர் வரும். சென்னையிலிருந்து மதுரைக்கு 460, அங்கிருந்து ராமேஸ்வரத்துக்கு 170. முதல் பாதி அல்ட்ரா டீலக்ஸ், இரண்டாம் பாதி எக்ஸ்பிரஸ் என்றால் 460 ரூபாயும் 128 ரூபாயும் சேர்த்து 588. எழுபது கிலோமீட்டர் சுற்றியும் வித்தியாசம் முப்பது ரூபாய்கூட இல்லை. மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் ஒரு டீ, இரண்டு வடை சாப்பிட்டால் தீர்ந்துவிடும் காசு.

ஆகவே நேர் பஸ்ஸா, மாறிப் போவதா என்பதைக் கட்டணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எத்தனை மணிக்குப் பாம்பன் பாலத்தைத் தாண்டுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். என் முடிவெல்லாம் அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

நேர் பஸ்

சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்குக் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் ஏறினால் விடியற்காலை ராமேஸ்வரம். பதினோரு மணி நேரம் என்பார்கள், பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இந்த நேரம் கச்சிதம். ஸ்படிகலிங்க தரிசனம் விடியற்காலையில்தான். அதை முடித்து, அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டு, உள்ளே இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, ஈரத்துணியை மாற்றிக்கொண்டு சுவாமியைப் பார்க்க மதியத்துக்குள் நேரம் சரியாக இருக்கும். மதியம் ஒரு மணிக்கு நடை சாத்தினால் மறுபடி மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள்.

ஒரு ராத்திரி அறை வாடகையும் மிச்சம். பஸ்ஸிலேயே தூங்கி, காலையில் குளித்து, தரிசனம் முடித்து, அன்று இரவே திரும்பும் பஸ்ஸில் ஏறிவிடுகிற குடும்பங்கள் நிறைய. சிக்கன யாத்திரையில் இதற்கு மேல் குறைக்க முடியாது. ஆனால் இரண்டு ராத்திரி பஸ் சீட்டில் தூங்கியவர் மூன்றாம் நாள் வேலைக்குப் போவது எப்படி என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம் என்பேன்.

அரசுப் பஸ்ஸா, ஆம்னி பஸ்ஸா? ஆம்னியில் படுக்கை உண்டு, ஏசி உண்டு, போர்வை தருவார்கள். சாதாரண நாளிலேயே கட்டணம் அரசுப் பஸ்ஸைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு. பொங்கல், தீபாவளி, ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் அந்தக் கட்டணம் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அமாவாசைகளுக்கு அரசு சிறப்புப் பஸ் விடும், அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகு வலிக்காரர் படுக்கைக்குக் காசு கொடுத்தால் அது வீண்செலவு இல்லை. மற்றவர்களுக்கு அல்ட்ரா டீலக்ஸ் புஷ்பேக் போதும். கடைசி வரிசை மட்டும் வேண்டாம். அங்கே சீட் சரியாகச் சாயாது, திருச்சி தாண்டியதும் ஒவ்வொரு வேகத்தடையும் இடுப்புக்குத் தெரியும்.

ஆம்னியோ அரசோ, ராத்திரியில் நிறுத்துகிற மோட்டலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பது நமக்குப் பசிக்கிற இடத்தைப் பொறுத்ததில்லை. இரண்டு தோசைக்குக் கொடுக்கிற காசில் ஊருக்குள் நாலு பேர் சாப்பிடலாம். புளிசாதமோ பொடி தடவிய இட்லியோ கட்டிக்கொண்டு போகிற பழக்கத்தை நம் அம்மாக்கள் சும்மா வைத்திருக்கவில்லை.

கிளாம்பாக்கச் செலவு

2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பயணத்தின் கணக்கே மாறிவிட்டது. தாம்பரம், குரோம்பேட்டைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். பெரம்பூரிலோ திருவொற்றியூரிலோ இருப்பவர் மூட்டை முடிச்சோடு ஆட்டோவோ கால் டாக்ஸியோ பிடித்தால், ராமேஸ்வரம் டிக்கெட்டுக்குப் பக்கத்தில் அந்தச் செலவே வந்து நிற்கும். புறநகர் ரயிலில் வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி அங்கிருந்து போவதுதான் சிக்கனம். மாநகரப் பஸ்ஸும் இருக்கிறது, ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்கால நெரிசலில் இரண்டு மணி நேரத்தை ஒதுக்கிவிடுங்கள். டிக்கெட் விலையை ஒப்பிடுகிற யாரும் இந்தச் செலவை எழுதிவைப்பதில்லை.

மதுரை மாறி

ராத்திரி ஒன்பது, பத்து மணிக்குக் கிளம்பினால் காலை ஆறு, ஏழுக்கு மாட்டுத்தாவணி. மதுரைக்குச் சென்னையிலிருந்து பஸ் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. ஒரு வண்டியில் இடம் இல்லையென்றால் அடுத்தது. நேர் பஸ்ஸில் அப்படி இல்லை. ராமேஸ்வரம் வண்டிகள் எண்ணிக்கையில் குறைவு, சீட் முடிந்தால் முடிந்ததுதான். கடைசி நேரத்தில் கிளம்புகிறவர்களுக்கு மதுரைதான் கைகொடுக்கும்.

மாட்டுத்தாவணியிலேயே ராமேஸ்வரம் பஸ்ஸும் நிற்கும், வேறு நிலையத்துக்கு அலைய வேண்டாம். முகம் கழுவி, காபி குடித்து, ஜன்னலோரச் சீட்டைப் பிடித்து உட்கார்ந்தால் நாலு மணி நேரம். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம். பரமக்குடி வரை நான்குவழிச் சாலையில் பறக்கும். அதற்கப்புறம் இருவழி, லாரிக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை நான்குவழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அந்த வேலை முடிகிற வரை நாலு மணி நேரம் என்பதை நாலரை என்று வைத்துக்கொள்வது நல்லது.

பத்து, பத்தரைக்குப் பாம்பன். இதற்காகத்தான் இந்த வழியைச் சொல்கிறேன். 1988 அக்டோபரில் சாலைப் பாலம் திறக்கும் வரை இந்தத் தீவுக்குப் பஸ்ஸில் வரவே முடியாது. இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் கப்பல் போகிற உயரத்துக்கு ஏறி இறங்கும். ஒரு பக்கம் பாக் நீரிணை, உள்ளூரில் பெண்கடல் என்பார்கள்; மறுபக்கம் மன்னார் வளைகுடா, ஆண்கடல். ஒன்று குளம் மாதிரி கிடக்கும்போது மற்றது நுரைத்துக்கொண்டிருப்பதை நல்ல வெயிலில் ஒரே பார்வையில் பார்க்கலாம். கீழே 1914இல் கட்டிய பழைய ரயில் பாலமும், அதன் பக்கத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே தூக்கிக்கொள்ளும் புதுப்பாலமும். நேர் பஸ்ஸில் வருகிறவர்கள் பெரும்பாலும் இதை இருட்டில், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டே தாண்டுகிறார்கள். ஐநூறு கிலோமீட்டர் வந்து இதைத் தவறவிடுவது எனக்கு ஒப்பாது.

குறை என்னவென்றால், பதினோரு மணிக்கு ஊருக்குள் போய் இருபத்திரண்டு தீர்த்தத்தையும் நடை சாத்துவதற்குள் முடிப்பது ஓட்டப்பந்தயம். கோயில் மறுநாள் காலை என்று வைத்துக்கொண்டு, முதல் நாளை தனுஷ்கோடிக்குக் கொடுத்துவிட வேண்டும். அப்படியென்றால் ஒரு ராத்திரி தங்கல் கட்டாயம். அந்த வாடகைதான் நேர் பஸ்ஸுக்கும் இதற்கும் உள்ள உண்மையான வித்தியாசம்.

கடற்கரையோரமாக

கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே பஸ் மாறி மாறிப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு: போகலாம், ஆனால் சிக்கனம் என்று நினைத்துப் போகாதீர்கள். ஒவ்வொரு துண்டு டிக்கெட்டும் மலிவு. மொத்தத்தில் குறைந்தது இரண்டு ராத்திரி அறை எடுக்க வேண்டியிருக்கும், கூடுதல் சாப்பாடும் உண்டு.

திருவான்மியூரில் ஏறி புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வரை பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. சீர்காழி தாண்டி தரங்கம்பாடியில் இறங்கி, 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு எதிரே கடலைப் பார்த்துவிட்டு, காரைக்கால், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணியில் முதல் ராத்திரி. திருவிழா நாட்களை விட்டுவிட்டால், யாத்திரிகர்களுக்காகவே ஆன ஊர் என்பதால் குறைந்த வாடகையில் அறை கிடைக்கும்.

கஷ்டம் அடுத்த நாள்தான். திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று ஊர்கள் வரிசையாக வரும், பஸ்தான் வராது. வேளாங்கண்ணியிலிருந்து ராமநாதபுரம் பக்கம் நேர் வண்டிகள் இருக்கின்றன. அதைத் தவறவிட்டால் துண்டு துண்டாகத்தான். சுமையில்லாமல், அவசரமில்லாமல் போகிறவருக்கு இது சுகம். ஆங்கிலேயர்கள் நெப்போலியனைத் தோற்கடித்ததைக் கொண்டாட சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோபுரத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்துக்கு நேர்ச்சை வைத்திருப்பவர்கள் இந்த வழியிலேயே அதை முடித்துக்கொள்ளலாம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. அரசு சாதாரண டவுன் பஸ்களில் 2021இலிருந்து கட்டணமில்லாப் பயணம் இருப்பதால், டவுன் பஸ்ஸாகவே பிடித்துக் கடற்கரை முழுக்கப் போய்விடலாம் என்று விளையாட்டாகச் சொல்வார்கள். ஊருக்குள், பக்கத்து ஊருக்கு அது நிஜமாகவே உதவும். மாவட்டம் விட்டு மாவட்டம் போகிற புறநகர்ப் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும்.

நவம்பர், டிசம்பரில் மட்டும் இந்த வழியே வேண்டாம். வடகிழக்குப் பருவமழையும் புயலும் முதலில் கைவைப்பது இந்தக் கரையில்தான்.

பைக்கும் காரும்

பைக் ஆசை உள்ளவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி, லிட்டர் நூறு ரூபாய் என்றால், போக 1,120. வர இன்னொரு 1,120. இரண்டு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 1,120, அதாவது அல்ட்ரா டீலக்ஸில் போய்வருகிற அதே தொகை. நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இருசக்கர வாகனத்துக்குக் கட்டணமில்லை. இறங்கிய பிறகு ஆட்டோ செலவும் இல்லை. ஆனால் ஒரே மூச்சில் 560 கிலோமீட்டர் ஓட்டுவது வீரம் இல்லை, ஆபத்து. திருச்சியிலோ புதுக்கோட்டையிலோ தங்கினால் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு வாடகை. தனியாகப் போனால் எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது.

பாம்பன் பாலத்தில் பைக்குக்குத் தனி எச்சரிக்கை. தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று அடிக்கிற மாதங்களில் பக்கவாட்டில் வண்டியைத் தள்ளும். பின்னால் ஆள் இருந்தால் வேகத்தைக் குறைத்து, பெரிய வண்டியை ஒட்டாமல் போங்கள். நடுப்பாலத்தில் நிறுத்தி செல்ஃபி எடுக்கிற கூட்டத்தில் சேராதீர்கள்.

சொந்தக் கார் என்றால் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கணக்கில் போக 3,700 ரூபாய்க்கு மேல் பெட்ரோல். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று திருச்சிக்குள்ளேயே சுங்கம் வரிசை கட்டி நிற்கும். நாலு பேர் என்றால் ஆளுக்குச் சுங்கத்தோடு ஆயிரத்தைத் தாண்டும். பஸ்ஸைப் போல இரண்டு மடங்கு. 2025 ஆகஸ்டிலிருந்து தனியார் கார்களுக்கு 200 முறை தாண்டும் ஃபாஸ்டாக் ஆண்டுப் பாஸ் வந்திருக்கிறது, அறிமுகமானபோது விலை 3,000 ரூபாய். அடிக்கடி ஊருக்குப் போகிறவர் கையில் அது ஏற்கெனவே இருந்தால் காரின் கணக்கு கொஞ்சம் இறங்கும். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்குத்தான் அது. உத்தண்டி மாதிரி மாநிலச் சாவடிகளில் வழக்கம்போலக் கட்ட வேண்டியதுதான்.

ஒருவழி டாக்ஸி, கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று வைத்தாலே 7,840. பேட்டா, சுங்கம் சேர்ந்தால் ஒன்பதாயிரத்தைத் தாண்டும். திதி கொடுக்க வயதானவர்களைக் கூட்டிப் போகிற குடும்பத்துக்கு இது அவசியமாக இருக்கலாம். அப்படியானால்கூட, மதுரை வரை ரயிலிலோ பஸ்ஸிலோ போய், அங்கிருந்து 170 கிலோமீட்டருக்கு மட்டும் கார் பேசுங்கள். செலவு மூன்றில் ஒரு பங்கு.

தீவுக்குள்

பஸ் நிலையத்திலிருந்து கோயில் இரண்டு கிலோமீட்டர். டவுன் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். இறங்கிய உடனே சுற்றி வளைக்கிற ஆட்டோக்காரர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். தனுஷ்கோடிக்கும் டவுன் பஸ் உண்டு. 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்த பிறகு, முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலில் வேன் பிடித்துத்தான் போக முடிந்தது. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டதிலிருந்து அந்தச் செலவு ஒழிந்தது. இருட்டுவதற்குள் போலீஸ் எல்லோரையும் கிளப்பிவிடும், எனவே மதியமே போய்விடுங்கள். பேய்க்கரும்பில் இருக்கும் கலாம் நினைவிடம் தனுஷ்கோடி வழியில் இல்லை, பாம்பனிலிருந்து வருகிற சாலையில் இருக்கிறது. பஸ்ஸில் வரும்போதே இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம்.

அமாவாசை ஒட்டிய நாட்களில் அறை வாடகை கண்ணைக் கட்டும். அப்போது 55 கிலோமீட்டர் தள்ளி ராமநாதபுரத்தில் தங்கிவிடுங்கள். எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் நாற்பது ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும். மீன் சாப்பிடவே போகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதை மறக்க வேண்டாம். நாட்டுப்படகு மீன் வரும், விலை ஏறியிருக்கும்.

என்னைக் கேட்டால்: கோயில்தான் நோக்கம், ஒரே நாள் என்றால் அரசு நேர் பஸ். கடலும் கோயிலும் வேண்டும், ஒரு ராத்திரி தங்கலாம் என்றால் மதுரை மாறி, பகலில் பாலம். லீவு நிறைய இருந்தால் கடற்கரை வழி, ஆனால் போக மட்டும், வர மதுரை. கார், ஐந்து பேர் நிறைந்தால் பார்க்கலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அரசுப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, பன்னிரண்டு வரை அரை டிக்கெட் என்பதால் சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அப்போதும் பஸ்தான் ஜெயிக்கும்.

திரும்பும்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்கால நேர் பஸ்ஸை நம்பி, முன்பதிவில்லாமல் நிற்காதீர்கள். மூன்று மணிக்கே மதுரை வண்டியில் ஏறிவிட்டால் ராத்திரி எட்டுக்கு மாட்டுத்தாவணி, அங்கிருந்து சென்னைக்கு வரிசையாக நிற்கும். ஏறுவதை ராமேஸ்வரம் நிலையத்திலேயே ஏறுங்கள், ராமநாதபுரத்தில் ஏறினால் மதுரை வரை நின்றுகொண்டுதான். கருவாடு வாங்கினால் மூன்று பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி அடியில் வையுங்கள். மூக்கு கூர்மையான கண்டக்டர் யாராவது இறக்கிவிடச் சொன்னால் அவர் மேல் தப்பில்லை.